காசிம் பாயை வீட்டுக்கு அனுப்பிய நாள்

டாக்டர்,

இன்று காலை பிசியோதெரபி அறைக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. வாக்கர் கால்களில் மாட்டும் புது ரப்பர் புஷ்கள். பிரித்ததும் அந்த வாடை அறை முழுக்கப் பரவியது. நீங்கள் வாசலில் நின்று மூக்கைச் சுளித்து, "என்ன சார், டயர் கடைக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்று சொல்வது போலவே காதில் கேட்டது. பெட்டியை அப்படியே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் வரும்வரை நாங்கள் ஒரே ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு மூலையில் வேலை பார்த்தோம். நர்ஸ் செல்விக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மருந்தாளுநருக்குத் தெரியாது. முதியவர்களுக்கென்று வியாழக்கிழமைக் கூட்டத்தைத் தொடங்கியபோது நீங்கள் கேட்டீர்கள்: "வயசானவங்களுக்கு பிரஷர், முட்டிவலி, மனக்கஷ்டம் எல்லாம் தனித்தனியாவா வருது? நாம மட்டும் ஏன் தனித்தனியாப் பாக்கணும்?"

கூட்டம் பழகிய பிறகு ஒரு வியாழக்கிழமை, இனி ஆளுக்கு ஒரு வாரம் நடத்த வேண்டும் என்று சொல்லி, முதல் வாரத்தை என்னிடம் கொடுத்தீர்கள்.

"டாக்டர் இருக்கையில பிசியோ நடத்துனா யாரு கேப்பாங்க?"

"நான் கேப்பேன் சார். போதாதா?"

நான் நடத்திய முதல் கூட்டத்துக்கே காசிம் பாயின் கேஸ் வந்து சேர்ந்தது. ஜெகதாப்பட்டினத்தில் காலமெல்லாம் படகு ஓட்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, தஞ்சாவூரில் இடுப்பு ஆபரேஷன் முடிந்து, நடை பழக நம்மிடம் வந்திருந்தார். வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் சாப்பாட்டைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். மகள் மும்தாஜுக்கு ஒரே பயம். "அத்தா மறுபடி விழுந்தா நான் ஒத்தையா என்ன செய்வேன்? எங்க வீட்டுல அவுக சவுதியிலல்ல இருக்காக" என்றாள்.

இன்னும் சில வாரம் வார்டிலேயே இருக்கட்டும் என்றீர்கள். இன்னொரு முறை விழுந்தால் பாய் எழுந்திருக்க மாட்டார் என்று நீங்கள் சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை. செல்வி, மகள் ஊட்டினால் மட்டும் நாலு வாய் சாப்பிடுகிறார் என்றார். மருந்தாளுநர், தூக்க மாத்திரையால்தான் காலையில் தள்ளாட்டம், குறைக்கலாமா என்று உங்களைக் கேட்டார். கடைசியாகச் சமூகப் பணியாளர், "பாய்க்கிட்ட யாராச்சும் கேட்டோமா?" என்றார். சக்கர நாற்காலியில் அவரை அழைத்துவரச் சொன்னேன்.

"பாய், உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் கையை என் பக்கம் காட்டினீர்கள்.

"வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போவணும். இங்கன கெடந்து சுவத்தப் பாக்குறதுக்கு, விழுந்தாலும் எங்க ஊருல விழுறேன்."

"வீட்டுக்கு அனுப்பலாம்" என்றேன். "டாக்டர் சொல்ற ஆபத்து இருக்கத்தான் செய்யுது. அதக் கொறைக்கிறது நம்ம வேலை." மாத்திரையைக் குறைப்பது உங்கள் பொறுப்பு. சவுதியிலிருக்கும் மருமகனிடம் பேசிக் குளியலறையில் கைப்பிடி வைக்கச் செய்வது சமூகப் பணியாளர் பொறுப்பு. செல்வியும் நானும் முறை வைத்து வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என்று முடித்தேன்.

"சரி சார். நாளைக்கு டிஸ்சார்ஜ் எழுதிடுறேன்" என்றீர்கள். உங்கள் முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

அடுத்த வாரமே மும்தாஜ் போனில் அழுதாள். "அத்தா விழுந்துட்டாக." உங்கள் காரில்தான் போனோம். ஐஸ் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போன அந்த வழியெல்லாம், நான் அப்பவே சொன்னேனே என்று நீங்கள் கேட்பதற்காகக் காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. "கைப்பிடி எந்த உயரத்துல வச்சாங்க?" என்று மட்டும் விசாரித்தீர்கள்.

போய்ப் பார்த்தால் பாய் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கால் வழுக்கியதும் கைப்பிடியைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு நான் பழக்கிய மாதிரியே தானாக எழுந்துவிட்டார். "எங்க புள்ளைக்கு எல்லாத்துக்கும் பயம். நீங்க டீ குடிங்க" என்றார். நீங்கள் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த டீயை வாங்கிக் குடித்தீர்கள்.

நோன்புக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை, வெள்ளைச் சட்டை போட்டு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவர் பள்ளிவாசல் தெருவில் நடந்துபோனதைக் காரிலிருந்தே பார்த்தோம். "நான் பிடிச்சு வச்சிருந்தா இவரு கட்டில்லயே முடிஞ்சிருப்பாரு சார்" என்றீர்கள்.

அதன் பிறகுதான் நீங்கள் மாவட்டம் முழுக்க அலைந்தீர்கள். மற்ற ஆஸ்பத்திரிகளின் நர்ஸ், மருந்தாளுநர், பிசியோ எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தீர்கள். ஒவ்வொருவரும் ஒரு முதியவருக்காக ஒரு கூட்டத்தையாவது நடத்தியே தீர வேண்டும். டாக்டர் அதில் ஓர் ஆளாக மட்டும் உட்கார வேண்டும். சில டாக்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீங்கள் திரும்பத் திரும்பப் போனீர்கள்.

அந்த அலைச்சலுக்கு நடுவில் வந்த நோய் உங்களை அதிக நாள் விட்டுவைக்கவில்லை. உங்கள் திருமயம் வீட்டில் கடைசியாகப் பார்த்தபோது போர்வைக்கு மேல் முகம் மட்டும்தான் தெரிந்தது. "வியாழக்கிழமை நடக்குதா?" என்றீர்கள். நடக்கிறது என்றேன். "நான் போனதும் நின்னுச்சுன்னா, நாம ஒண்ணும் செய்யலன்னு அர்த்தம் சார்."

நிற்கவில்லை டாக்டர். நேற்று செல்வி நடத்தினார். கொடும்பாளூர்ப் பக்கத்து அம்மா ஒருவருக்கு நடைப்பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்று நான் விடாமல் வாதாடினேன். செல்வி முழுக்கக் கேட்டுவிட்டு, "சார் சொல்றது சரிதான். ஆனா இந்தம்மா புருஷன் செத்து இன்னும் காரியம்கூட முடியல. இந்த வாரம் பேச்சுத்துணைதான் வேணும். நடை அப்புறம்" என்று முடித்துவிட்டார். எல்லார் முன்னாலும் என் முகம் சுட்டது. "சரிம்மா" என்றேன்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. பாயை வீட்டுக்கு அனுப்பலாம் என்று நான் முடித்த அன்று உங்களுக்கும் இப்படிச் சுட்டிருக்கும். எனக்குத் தெரியாதபடி வைத்துக்கொண்டீர்கள். அதைத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.