நெல் முளைத்த சுவர்

அன்புள்ள அப்பாவுக்கு, மஸ்கட்டிலிருந்து மதிவாணன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் கோபப்பட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

நம் புது வீட்டுச் சுவரில் நெல் முளைத்த படத்தைப் பார்த்தேன். “லட்சுமியே வந்திருக்கா, யாரும் தொடாதீங்க” என்று மஞ்சள் குங்குமம் வைத்தீர்களாம். அது பூச்சுமண்ணில் கலந்த வைக்கோலில் ஒட்டியிருந்த நெல், அப்பா. பூசி இத்தனை நாள் கழித்து முளைக்கிறதென்றால் சுவர் ஈரம் குடிக்கிறது. சுடாத மண்கல்லில் கட்டச் சொன்னவன் நான்தான். வீடு குளிர்ச்சியாக இருக்கும், செங்கல் சூளைப் புகையும் இல்லை. ஆனால் அந்தக் கல் அடியில் நிற்கும் தண்ணீரைத் தாங்காது. நீங்களோ, பக்கத்திலேயே இருந்தால் நாற்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுவரை ஒட்டி நாற்றங்கால் போட்டிருக்கிறீர்கள்.

நாற்று போனால் போகட்டும், இன்றே தண்ணீரை வடியுங்கள். உங்கள் பேத்தியை அந்தச் சுவரை ஒட்டிய அறையில் படுக்கவிடாதீர்கள்.

நீடாமங்கலத்திலிருந்து நிதிஷ் இங்கே வருகிறானாம். அவனிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. காலில் சின்ன அடி, அறையில்தான் படுத்திருக்கிறேன். வேலை செய்த இடத்தில் ஒரு சுவர் சரிந்தது, அவ்வளவுதான்.

சார்ஜ் தீரப்போகிறது, நிறுத்துகிறேன். அந்தச் சுவரடியிலும் தண்ணீர்தான் நின்றது, அப்பா.

மதி