இரண்டு வாளி ஐஸ்

அசோக் நகர், சென்னை
30.6.2024

அன்புள்ள எலி டாக்டர் உபைதுக்கு,

மகேஷ் எழுதுகிறேன். நம்ப மாட்டாய், நானேதான். மகள் மதுமதியின் டேப்லெட்டில் இடது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டிருக்கிறேன். நேற்றுக் காலை ஆரம்பித்த கடிதம் இது. போனில் பேசலாமே என்பாய். பேசினால் நாக்கு குழறுகிறது மச்சி. போன வாரம் தண்ணீர் கேன் கடைக்குக் கூப்பிட்டேன். "இன்னா சார், காலைலயே ஏத்திக்கினியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். வாழ்க்கையில் ஒரு பீர் குடிக்காதவனுக்கு வந்த யோகத்தைப் பார்.

நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். மே ஏழாம் தேதி, கத்திரி வெயில், ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன். தி. நகர் கடை மாடியில் தகரக் கொட்டகைக்குள் துணிக்கட்டுகளை அடுக்கப் பதினோரு மணிக்கு ஏறினேன். ரெண்டு மணிக்கு என் வீட்டுக்காரி அனுப்ரியா என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தபோது கட்டுகளுக்கு நடுவே விழுந்து கிடந்தேனாம். உடம்பு தோசைக்கல் மாதிரி சுட்டதாம், ஒரு சொட்டு வேர்வை இல்லையாம். நெரிசலில் நாற்பது நிமிஷம் காருக்குள் கிடந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருக்கிறேன். மூன்றாம் நாள் ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது, செப்சிஸ் என்றார்கள். பத்தொன்பது நாள் ஐ.சி.யு. உயிர் தங்கிவிட்டது. ஆனால் நடந்தால் கால் பின்னுகிறது, கையில் டம்ளர் ஆடுகிறது. சூட்டில் சிறுமூளை நரம்புகள் செத்துவிட்டன என்று டாக்டர் சொல்கிறார்.

என் வயிற்றெரிச்சலைக் கேள். அந்த டாக்டர் அனுவிடம், "விழுந்த இடத்துலயே ஐஸ் தண்ணி ஊத்தியிருக்கணும். ஏம்மா ஊத்தல?" என்று கேட்டாராம். இவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம். இதில் கொடுமை என்ன தெரியுமா? பக்கத்து ஜூஸ் கடை அப்துல் வஹீத் பாய் ரெண்டு வாளி ஐஸைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே ஓடி வந்திருக்கிறார். "இன்னாம்மா பாத்துகினு கீறே, ஊத்தும்மா!" என்று கத்தியிருக்கிறார். இவள் கையை நீட்டித் தடுத்திருக்கிறாள். ஏன் தடுத்தாய் என்று கேட்டால், "பயத்துல ஒண்ணும் புரியலங்க" என்கிறாள். உனக்குப் போன் போட்டாளாம், நீ எடுக்கவில்லையாம். எடுத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய். நீ பிரிஸ்பேனில் உட்கார்ந்து எலிகளுக்குச் சூடு வைத்துப் பார்ப்பதே இதற்குத்தானே. என் தலையெழுத்து.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. உன் எலிகளுக்கும் இப்படிக் கால் பின்னுமா? எத்தனை நாளில் சரியாகும்?

சிந்தாதிரிப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்து பெஞ்சுக்காரன்,
மகேஷ்

•

பிரிஸ்பேன்
8.7.2024

அன்பு மகேஷுக்கு,

உபைத் எழுதுவது. நானும் என் மனைவி ஜோயாவும் நலம். உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன், பிறகு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. நீ எழுந்து உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஜோயா உனக்காகத் தினமும் துவா செய்கிறாள்.

எலி என்றால் உன் கடைத் துணியைக் கடிக்கிற பெருச்சாளி இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புச் சுண்டெலி. வயிற்றுக்குள் ஒரு சின்ன வெப்பமானி வைத்துத் தைத்திருப்போம். சூடான பெட்டியில் விடுவோம். உடம்புச் சூடு நாற்பத்திரண்டரை டிகிரியைத் தொட்டதும் வெளியே எடுத்துக் கூண்டில் விடுவோம். அதன் பிறகு தானாக ஆற வேண்டும். தண்ணீர் படக்கூடாது, அது எங்கள் ஆய்வகத்தின் முறை. சில எலிகளுக்குக் குடல் சுவர் பழுதாகி அங்கிருக்கும் கிருமி ரத்தத்தில் இறங்கிவிடும். உனக்கு மூன்றாம் நாள் நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும். பிழைத்தவற்றைச் சுழலும் உருளையில் ஏற்றி, எத்தனை விநாடி விழாமல் நடக்கின்றன என்று எண்ணுவோம். முதல் வாரம் உடனே விழும். நாலாவது வாரத்தில் சில எலிகள் நன்றாகவே தேறிவிடுகின்றன. நீயும் தேறுவாய், பயப்படாதே.

அனுவைத் திட்டாதே மகேஷ். அவள்மேல் தப்பு இல்லை. நான் சொல்கிறேன், நம்பு. அந்தப் போன் விஷயத்தை இன்னொரு நாள் விவரமாக எழுதுகிறேன். இங்கே வேலை நெருக்கடி.

மதுமதிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
உபைத்

•

அசோக் நகர்
25.8.2024

அன்புள்ள உபைதுக்கு,

நீ சொன்ன இன்னொரு நாள் ஏழு வாரமாகியும் வரவில்லை. பெரிய மனுஷன், வேலை நெருக்கடி. இருக்கட்டும்.

எனக்கும் இங்கே ஒரு உருளை இருக்கிறது. பிசியோதெரபிப் பையன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதன்மேல் நடக்கச் சொல்கிறான். பத்து அடிக்குள் நாலு முறை சாய்கிறேன். நாலு வாரம் என்றாய், பதினைந்து வாரம் முடிந்துவிட்டது. உன் எலிகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

வீட்டில் நிலைமை சரியில்லை. போன செவ்வாய்க்கிழமை மோர் டம்ளர் கை நழுவிச் சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. அனு துடைக்க வந்தாள். மதுமதி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான், "வஹீத் பாயைத் தடுத்த கைதானே இது, எடு" என்று சொல்லிவிட்டேன். வாய் குழறினாலும் இது மட்டும் தெளிவாக வந்தது. அன்றிலிருந்து அவள் சோற்றை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். மதுமதி என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் நான் சொன்னது பொய்யா, நீயே சொல். நாற்பத்திரண்டு வயதில் குழந்தை மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போகிறேன். அனு முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ரெண்டு வாளிதான் ஞாபகத்துக்கு வருகிறது. என்னால் இனி அவளோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது.

அய்யாதுரை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அண்ணன், ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம் என்று செப்டம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள், எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து அவள் தம்பி நிரஞ்சன் வருகிறான். கொட்டிவாக்கத்திலிருந்து அவள் அக்கா தங்கபுஷ்பம் வருகிறாள். நோயாளி ஏதோ உளறுகிறான் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் நீ ஒரு பக்கம் எழுதி அனுப்பு. வெயில் அடித்து விழுந்தவனுக்கு உடனே என்ன செய்ய வேண்டும், செய்யாமல் விட்டால் என்ன ஆகும், அவ்வளவுதான். அவள் பெயரைக்கூட எழுத வேண்டாம். படித்தவன் எழுதினால் அண்ணன் எல்லார் முன்னாலும் வாசிப்பார். உடனே குளிர வைத்த எலிகள் எப்படி நடக்கின்றன என்பதையும் எழுது.

உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

மகேஷ்

•

பிரிஸ்பேன்
3.9.2024

மகேஷுக்கும், அய்யாதுரை அண்ணனுக்கும், அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும்,

மகேஷ் கேட்ட ஒரு பக்கம் இது. அண்ணன் இதை ஒரு வரி விடாமல் சத்தமாக வாசிக்க வேண்டும். அனு எழுந்து போகப் பார்த்தால் தயவுசெய்து உட்கார வையுங்கள்.

வெயில் தாக்கி நினைவு தப்பி விழுந்தவரை விழுந்த இடத்திலேயே குளிர வைக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் இருந்தால் ஐஸ் தண்ணீர், இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீர். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை உடம்பெல்லாம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தாமதமாகிற ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கு நஷ்டம். மகேஷ் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

மே ஏழாம் தேதி அனுவின் போனை நான் எடுத்தேன். இங்கே மாலை ஆறரை மணி, கையில் எலியோடு நின்றிருந்தேன். "உபைத் அண்ணே, இவருக்கு உடம்பு கொதிக்குது. வஹீத் பாய் ஐஸ் கொண்டாந்திருக்காரு, ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். "ஊத்தாதீங்க! நடுக்கம் வந்து உள்சூடு ஏறிடும். ஈரத்துணியால துடைச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று நான்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. "பாய் ஊத்தச் சொல்றாரேண்ணே" என்று மறுபடியும் கேட்டாள். "நான் படிச்சவனா, ஜூஸ் கடைக்காரர் படிச்சவரா?" என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகுதான் அவள் வாளியைத் தடுத்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நாலு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாலு வருஷமாக மாணவர்களிடம் தினமும் சொல்கிற வார்த்தை அது. தண்ணீர் படக்கூடாது, தானாக ஆறட்டும். எலி தானாக ஆறினால்தான் உள்ளே எவ்வளவு கெட்டுப்போனது என்று அளக்க முடியும். கெட்டுப்போவதைப் பார்ப்பதுதான் என் வேலை. மனுஷனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் வாயில் வந்தது எலிக்கு வைத்திருந்த சட்டம். நடுக்கம் என்று சொன்னதெல்லாம் அதற்கு அந்த நேரத்தில் ஒட்டவைத்த காரணம். என் சிநேகிதனை என் எலி மாதிரி ஆறவிட்டேன்.

ஐ.சி.யு. வாசலிலிருந்து அனு ஒரு நாள் கூப்பிட்டாள். "டாக்டர் கேட்டாருண்ணே, நான் உங்க பேரைச் சொல்லல. அவருக்குன்னு இருக்கிற ஒரே சிநேகிதர் நீங்க. பொழைச்சு வந்தா அதுவாவது அவருக்கு மிஞ்சட்டும்" என்றாள். வேண்டாம் தாயே, உண்மையைச் சொல்லிவிடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சரி என்று சொன்னேன். அதுதான் என் பெரிய அயோக்கியத்தனம்.

ஜூலையில் எலிகள் தேறிவிடுகின்றன என்று எழுதினேன். அதுவும் பாதிப் பொய். இருபத்தெட்டாம் நாள் அவற்றைக் கொன்று மூளையைச் சீவிப் பார்க்கிறோம். அதற்குமேல் உயிரோடு விட்டால் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உன் முதல் கடிதம் வந்த பிறகு பன்னிரண்டு எலிகளை, பெட்டியிலிருந்து எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினேன். பதினொன்று உருளையில் ஒழுங்காக நடக்கின்றன.

அனு, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. மகேஷ், வீட்டை விட்டு அனுப்ப வேண்டிய ஆள் நான்தான்.

உபைத்

•

அசோக் நகர்
10.9.2024

உபைதுக்கு,

அண்ணன் வாசித்தார். நீ சொன்னபடியே ஒரு வரி விடவில்லை. போனை நீ எடுத்த இடம் வந்ததும் காகிதத்தை மடியில் வைத்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தார். தங்கபுஷ்பம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். நிரஞ்சன் என்னை அடிக்கவே எழுந்தான். என் காலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அனு அழவில்லை. நான், "தப்பு பண்ணிட்டேன் அனு, போகாதே" என்றேன். பதற்றத்தில் நாக்கு இன்னும் மோசமாகக் குழறியது. "என்ன சொல்றான்?" என்று அண்ணன் கேட்டார். அவளுக்கு மட்டும் முதல் தடவையே புரிந்தது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உபைத் அண்ணன் அவசரத்துல சொன்னாரு, அது போகட்டும். நான் உங்களுக்குக் கெடுதல் பண்ணேன்னு நம்புறதுக்கு உங்களுக்கு எந்தக் காகிதமும் வேணும்னு தோணலைங்க. பண்ணலைன்னு நம்புறதுக்கு மட்டும் கடல் தாண்டி ஒரு காகிதம் வர வேண்டியிருந்துச்சு. பதினாலு வருஷம் உங்க கூட இருந்தேனே. நம்ம அனு தடுத்தான்னா ஏதோ காரணம் இருக்கும்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க நினைக்கலையே."

அண்ணன் என்னென்னவோ சமாதானம் சொன்னார்.  அவள் உள்ளே போய்த் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

இப்போது உனக்கு. மே ஏழாம் தேதி நீ சொன்னதை மன்னித்துவிட்டேன். பதறிப்போய்ச் சொன்னாய், என் நேரம் என்று விட்டுவிடலாம். ஆனால் ஜூன் முப்பதாம் தேதி நான் எழுதினேன். அன்றிலிருந்து நீ உண்மையை எழுதியது வரை அறுபத்தைந்து நாள். அத்தனை நாளும் அவளை நான் வார்த்தையால் கொன்றேன், உனக்குத் தெரியும், நீ உருளையில் எலி ஏற்றிக்கொண்டிருந்தாய். கொன்றது நான்தான். அதை உன் தலையில் கட்டப் பார்க்கவில்லை. ஒரு வரியில் நிறுத்தியிருக்கக்கூடியவன் நீ ஒருவன்தான், அதை மட்டும் என்னால் மறக்க முடியாது.

இனி எழுதாதே. அந்தப் பதினொரு எலிகளைப் பற்றி யாருக்கு எழுத வேண்டுமோ அவர்களுக்கு எழுது. இன்னொருவன் பிழைப்பான்.

நேற்றுக் காலை அவள் மதுமதியைக் கூட்டிக்கொண்டு கொட்டிவாக்கத்துக்குக் கிளம்பினாள். வாசலில் போய் மறிக்கலாம் என்று எழுந்தேன். ரெண்டாவது அடியில் கால் பின்னிச் சாய்ந்தேன். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தது அவள்தான். அந்தக் கையைத் தள்ளிவிட அன்று வாய் வந்தது, இப்போது விடாமல் பிடித்துக்கொள்ளக் கையில் பலம் இல்லை. என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். கைத்தடியை எனக்கு எட்டுகிற மாதிரி சாத்தி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மகேஷ்