நம் இருவர் ரத்தம்

அக்கா,

இன்று துறைமுக வாசலில் டிரெய்லரை வரிசையில் விட்டுவிட்டு டீ குடிக்க இறங்கினேன். டிரைவர் சங்கத்தார் பந்தல் போட்டு ரத்ததான முகாம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பஞ்சில் நனைத்த ஸ்பிரிட் வாடை காற்றில் வந்தது.  டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றி நின்ற வாடை அது.

இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டுத் தோல் உரித்தபடியே மாதக்கணக்கில் உதிரப்போக்கைப் பொறுத்திருக்கிறாய். மச்சானிடம்கூடச் சொல்லவில்லை. மயங்கி விழுந்த பிறகுதான் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. ரத்தம் ஏற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் என்றார்கள். உனக்கு ஓ பாசிடிவ் என்றுதான் நினைத்திருந்தோம். மச்சான் தன்னோடு மூட்டை தூக்குகிறவர்களில் அந்த குரூப் உள்ளவர்களையெல்லாம் கூட்டி வந்தார். ஒருவர் ரத்தமும் உன் ரத்தத்தோடு சேரவில்லை. சோதனையில் எல்லாமே திரிந்துபோனது.

ரத்த வங்கியில் வேலை பார்த்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, இது பாக்கதுக்கு ஓ மாதிரி இருக்கும். ஆனா பம்பாய் ஓ. சாதாரண ஓ ரத்தத்தையே இந்த ஒடம்பு ஏத்துக்கிடாது. இத்தன வருசமா எவ்வளவோ பேருக்குப் பாத்திருக்கேன், இப்பதான் மொதல்ல பாக்கேன். கூடப் பொறந்தவங்களுக்கு இருந்தாலும் இருக்கும். கையக் குடுங்க."

உன்னிடம் சொன்னதும் வெளுத்த உதட்டோடு சிரித்தாய். "ஏலே, நான் திருநவேலியத் தாண்டுனதே கெடையாது. எனக்கு எங்கன இருந்துலே பம்பாய் ரத்தம்?"

எனக்கும் அதேதான் இருந்தது. சின்ன வயதில் உன் கறுப்பையும் என் வெளுப்பையும் பார்த்து, ஒரே வயிற்றுப் பிள்ளைகளா என்று கேட்காதவர்கள் இல்லை. "இப்ப வந்து கேக்கச் சொல்லு" என்றாய். என் ரத்தம் ஏறியதும் உன் நகக்கண்ணில் லேசாகச் சிவப்பு வந்தது. "இனிமே எனக்கும் லாரி ஓட்ட வரும்லே" என்றாய். பிழைத்துவிட்டாய் என்றே நம்பினேன்.

மறுபடியும் உதிரப்போக்கு தொடங்கியது. இன்னும் ஒரு பை எடுங்கள் என்று டாக்டரிடம் மன்றாடினேன். "ஒங்களையும் பக்கத்துக் கட்டில்ல போடவா?" என்று மறுத்துவிட்டார். ரத்த வங்கிப் பெண் ஊர் ஊராக போன் போட்டாள். கோயம்புத்தூரில் ஒருவர் இருந்தார், அவருக்கு மஞ்சள்காமாலை. கடைசியில் சென்னையில் ஒருவர் கொடுத்தார். பை ரயிலேறிவிட்டது என்று ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். நீ கண்ணைத் திறந்து, "அவிய பேரு என்னலே?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. ரயில் மதுரையைத் தாண்டும் முன்பே நீ போய்விட்டாய்.

அந்தப் பையை ரத்த வங்கியிலேயே வைத்திருந்தார்கள். வேறு யாருக்காவது ஆகட்டும் என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன். இந்தக் கரையில் அதைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. கெடு முடிந்ததும் அழித்துவிட்டார்களாம்.

போன மாதம் என் மூத்தவள் தானாகப் போய் ரத்தம் சோதித்துவிட்டு வந்தாள். "எனக்கு பி குரூப்பாம் பா. ஒங்களுக்கு ஆவாதாம்" என்று அழுதாள். "என் ரத்தம் ஒனக்குச் சேரும் மக்கா" என்றேன். அவள் அழுகையை நிறுத்தவில்லை. 

மதுரை ரோட்டில் எதிரே பஸ் முந்திக்கொண்டு வரும்போதெல்லாம் கால் தானாக பிரேக்கில் அழுந்துகிறது. செத்துப்போவதற்குப் பயமில்லை அக்கா. உன்னைப்போல நான் வெளுத்துப் படுத்திருக்க, என் மகள் ஊர் ஊராக போன் போடுவதை நினைத்துத்தான் பயம். அம்மாவும் அப்பாவும் நம் இரண்டு பேருக்குக் கொடுத்தது, இப்போது என் ஒருவன் உடம்பில் ஓடுகிறது. எனக்கென்று கையை நீட்ட, கூடப் பிறந்தவள் நீ ஒருத்திதான் இருந்தாய்.