முப்பத்திநாலு குரங்கும் ஒரு சனிக்கிழமையும்

பெங்களூர்
29-1-1996

அன்புத் தம்பி ஹெப்ரானுக்கு,

உன் பெரியப்பா மகள் சாலோமி எழுதுகிறேன். தேவன் கிருபையால் சுகம். சித்திக்கு இருமல் குறைந்ததா?

நேரே கேட்கிறேன், கோபப்படாதே. பாபநாசம் படித்துறைக் குரங்குகளில் கிழிகாதியும் மொட்டைவாலியும் இணைபிரியாதவை என்று பதினோரு மாதமாக எழுதி அனுப்புகிறாய். எது எதற்குப் பேன் பார்க்கிறது என்ற உன் குறிப்புகளை நம்பித்தான் என் ஆய்வேடு நிற்கிறது. 20ஆம் தேதி சனிக்கிழமை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தானியேல் சாரை அங்கே அனுப்பினேன். நாள் முழுக்க அவை இரண்டும் ஒன்றையொன்று கடித்துத் துரத்தினவாம். கல்லூரியைப் பாதியில் விட்டாய். இதையும் வீட்டில் உட்கார்ந்தே எழுதுகிறாயா?

சாலோமி

விக்கிரமசிங்கபுரம்
3-2-1996

அக்காவுக்கு,

அம்மைக்கு இருமல் கொறஞ்சிருக்கு. எனக்குத்தான் பத்திக்கிட்டு வருது.

தானியேல் சார் தூணுக்குப் பின்னால நின்னதப் பாத்தேன். 'என்ன சார் இங்கன?'ன்னேன். 'சும்மா காத்து வாங்க வந்தேம்லே'ன்னாரு. கையில நோட்டு. காத்தையும் எழுதித்தான் வாங்குவாவ போலன்னு நெனச்சேன்.

அன்னைக்குத் தை அமாவாசை. நம்ம வீட்டுக் காலண்டர்ல ஞாயித்துக்கெழமை மட்டுந்தான செவப்பு, ஒங்களுக்கு எங்க தெரியும். ஊர்ப்பட்ட சனம் தர்ப்பணம் குடுக்க வந்து, சோறும் பழமுமா எறியும். கல்யாணப் பந்தியில எங்கம்மையும் பெரியம்மையும் மொறைச்சுக்கிடாததா? அத வச்சு ஒறவே இல்லன்னு எழுதிருவியளா? ஒரு நாள் பாத்தா சண்டைதான் தெரியும். சிநேகிதம் தெரிய மாசக்கணக்கா உக்காரணும். படிச்சவ நீங்க, இத நான் சொல்லணுமா.

இன்னும் யாரையெல்லாம் எம் பின்னால விட்டிருக்கிய?

ஹெப்ரான்

பெங்களூர்
12-2-1996

அன்புத் தம்பிக்கு,

அமாவாசை எனக்கு உறைக்கவே இல்லை. மன்னித்துவிடு. பதினோரு மாதக் குறிப்பையும் மொத்தமாக அடுக்கிப் பார்த்தேன். தனித்தனி நாளில் ஒன்றும் புரியாதது, சேர்த்துப் பார்த்ததும் முப்பத்திநான்கு குரங்கின் உறவாகத் தெளிகிறது. எங்கும் பிசிறில்லை. இனி உன்னைச் சந்தேகப்பட மாட்டேன். ஏப்ரலில் இங்கே உனக்கு ஒரு வேலைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா சாலோமி

விக்கிரமசிங்கபுரம்
19-2-1996

அக்கா,

பிசிறில்லன்னு எழுதியிருக்கிய. அதான் உறுத்துது.

நவம்பர் ஒம்பதுல இருந்து பன்னெண்டு வர பேய் மழை. நான் படித்துறைக்குப் போவல. முந்தின வாரக் குறிப்ப அங்கன இங்கன மாத்தி, கட்டில்ல படுத்துக்கிட்டே நாலு நாளுக்கும் எழுதிட்டேன். நீங்க சந்தேகப்பட்ட கிழிகாதி, மொட்டைவாலி சங்கதி பூராவும் நெசம். பொய்யி, பதினோரு மாசத்துக்குள்ள கரைஞ்சு கெடக்கு. ஒரு நாளும் கண்டுபிடிச்சிருக்க மாட்டிய.

அந்த நாலு பக்கத்தையும் கிழிச்சிருங்க. மத்ததெல்லாம் கண்ணால கண்டது. நம்புறது ஒங்க இஷ்டம். வேலைக்கு வேற ஆளப் பாக்கணும்னாலும் பாருங்க.

ஹெப்ரான்

பெங்களூர்
27-2-1996

ஹெப்ரானுக்கு,

நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். மீதியைத் திறந்தால், எந்த நாள் மழை பெய்ததோ என்றுதான் கண் தேடுகிறது. அது உன்னால் வந்தது.

மார்ச் நாலாம் தேதி நானே வருகிறேன். நீ ஒரு படியில், நான் எதிர்ப்படியில். ஆளுக்கொரு நோட்டு. வெளிச்சம் மங்கும்வரை பேச்சு வேண்டாம். அதன் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போம். வேலை விஷயம் அப்புறம்.

எனக்குப் பத்து நாள்தான் லீவு. அது போதுமா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

சாலோமி