மதகுக் காவலரைப் பற்றி ஒரு வரி

பிப்ரவரி 9

அண்ணாவுக்கு,

உங்கள் நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. அண்ணியை மட்டும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை ஊருக்கு வந்து நூலகத்துக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பினேன். முப்பது வருடமாக நீங்கள் சேர்த்த நோட்டீஸ், போட்டோ, கடை பில் எல்லாவற்றுக்கும் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். ஊரே உங்களைப் 'பழம்பேப்பர்' என்று கேலி செய்தபோது, பரணைக் காலி செய்து உங்களிடம் கொடுத்தவர் என் அப்பா. மதகுக் காவலராக இருந்த அந்தச் சித்தப்பாவைப் பற்றித்தான் அங்கே பழைய வெள்ளத்தைச் சொல்லும் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்: "பிற்பகல் மூன்றேகால் மணிக்கு மதகுக் காவலர் உறங்கினார்."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டுக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பதினொரு வருடம் முன்பு இதையே நீங்கள் எழுதிய புத்தகத்தில் போட்டீர்கள். நான் சண்டைக்குக் கிளம்பினேன். அப்பாதான், "எழுதிட்டான்ல, விடும்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் பகலில் படுக்கவே இல்லை. மதியம் சாப்பிட்டதும் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். சாகும்வரை, இரண்டு வருடம்.

அந்தப் பலகையை எடுங்கள்.

தங்கை

பிப்ரவரி 17

அன்புள்ள தங்கைக்கு,

கோபம் நியாயம்தான். ஆனால் சரித்திரம் சொந்தபந்தம் பார்க்காது. சித்தப்பா என்பதற்காக நான் மறைத்தால், நாளைக்கு என் சேகரிப்பை எவன் மதிப்பான்?

இது ஊர்வம்பு இல்லை. வெள்ளத்தன்று அணை அலுவலகக் குமாஸ்தா தன் கையால் எழுதிய பதிவேடு. "காவலர் உறங்கினார். இரண்டாம் கதவு திறக்கத் தாமதம்." அந்தத் தாமதத்தில்தான் கீழ்த்தெரு மூழ்கியது. நாற்பது வருடம் மருந்துக்கடையில் டாக்டர்கள் கிறுக்கியதை எல்லாம் படித்து மாத்திரை கொடுத்தவன் நான். ஒரு உயிர் போனதில்லை. என் கண்மேல் உனக்குச் சந்தேகம் வேண்டாம். பக்கத்தை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்

பிப்ரவரி 24

அண்ணாவுக்கு,

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே எழுதினவன்மேல் தப்பு இல்லை.

நீங்கள் அனுப்பிய அதே பக்கம், கடைசி வரி: மறுநாள் காலை நீர்மட்டம் இரண்டடி இறங்கியது. அந்த 'இறங்கியது'வின் முதல் எழுத்தையும், காவலர் வரியில் நீங்கள் 'உறங்கினார்' என்று படித்த சொல்லின் முதல் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே சுழி, அதே வால். நீர்மட்டம் உறங்கியதா அண்ணா?

அப்பா இறங்கினார். கதவைத் தூக்கும் சக்கரம் சுற்றவில்லை என்று தண்ணீருக்குள் இறங்கிக் கதவைக் கையால் நெம்பினார். அதனால்தான் தாமதம். இடது கால் அன்றைக்குப் போனதுதான். அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் உங்கள் கடைக்கு வந்து வலிமருந்து வாங்கினார்.

இதுகூடப் பரவாயில்லை. எழுத்து மாறிப் போச்சு என்று விட்டிருப்பேன். ஓரத்தில் பென்சிலில் இருக்கிறதே, அது யார் கை? "'இ'யா? சித்தப்பாவிடம் கேட்க." கீழே தேதி. புத்தகம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு. நகல் எடுக்கும்போது அது உங்கள் கண்ணிலேயே படவில்லை போலிருக்கிறது. நல்ல கண்!

அப்போது எங்கள் வீடு உங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு. ஏன் கேட்கவில்லை?

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். உங்களுக்கென்றே பதிவேட்டிலும் நேரம் மூன்றேகால்.

தங்கை

மார்ச் 15

தங்கைக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

கேட்கப் போனேன். தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பினேன். கீழ்த்தெருவில் மூழ்கியது எங்கள் கடையும்தான் என்று உனக்குத் தெரியும். எங்கள் அப்பா அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. யாரோ ஒருவர் தூங்கிவிட்டார், அதனால்தான் எல்லாம் போனது என்று எனக்கு வேண்டியிருந்தது. சித்தப்பா 'இறங்கினேன்டா' என்று சொல்லிவிட்டால் நான் யார்மேல் கோபப்படுவது? அதனால் கேட்கவில்லை. மகாபாவம்.

பலகையை எடுத்துவிட்டேன். புத்தகத்தில் மிச்சமுள்ள பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டுகிறேன். சித்தப்பாவுக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்க நூலகர் சம்மதித்திருக்கிறார். டார்ச், விசில், தொப்பி, எது இருந்தாலும் அனுப்பு. முடிந்தால் என்னை மன்னித்துவிடு.

அண்ணன்

மார்ச் 22

ஐயா,

சீட்டை ஒட்டுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இல்லை, படிக்கிற இடத்தில்.

பெட்டிக்கு அனுப்ப ஒன்றும் இல்லை. அந்த நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. அதைத் தரமாட்டேன். அதை நீங்கள் பார்க்கக்கூட வேண்டாம். உங்கள் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, என் அப்பா கிடைத்தார். என் கோபத்துக்கு நீங்கள் இருக்கிறீர்கள். மன்னிப்பு என்னிடம் இல்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் ஒன்பது வருடம் முன்பே போய்விட்டார். அவர் இருந்தபோது நீங்கள் தெருமுனை வரைதான் வந்தீர்கள்.

நேற்று மதியம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். பிறகு அப்படியே சாய்ந்து, வாசலில் எல்லோரும் பார்க்க, அவருக்கும் சேர்த்துத் தூங்கினேன்.

வேண்டுமானால் உங்கள் சேகரிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மகள் உறங்கினாள். யாரையும் கேட்க வேண்டாம், அது 'உ'தான்.

இப்படிக்கு,
மதகுக் காவலர் மகள்