வெள்ளைத் துணியில் மூன்று துளி

1913 கார்த்திகை, திங்கள். ஸ்ரீவைகுண்டம்.

தூக்கம் வரவில்லை. என் மனைவி சிவகாமிக்கு வருஷக்கணக்காக இரத்தசோகை. பேய்தான் இரத்தத்தைக் குடிக்கிறது என்று சொல்லி, மாதாமாதம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவளை இரண்டு மாதமாக அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை.

இன்று அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வராத நோயாளியைத் தேடி இவ்வளவு தூரம் வரும் டாக்டரை நான் கண்டதில்லை. அம்மாவோடு அவர் வாதாடவில்லை. ஊசியைத் தீயில் காட்டித் தன் விரலில் குத்தி, வெள்ளைத் துணியில் ஒரு துளி வைத்தார். பக்கத்தில் சிவகாமியின் துளி. அவருடையது நல்ல சிவப்பு. அவளுடையது வெளுத்துக் கிடந்தது.

"எனக்கும் குத்துங்க, பாப்போம்" என்று அம்மா விரலை நீட்டினாள்.

அம்மாவின் துளியும் வெளுத்திருந்தது.

"படி ஏறுனா மூச்சு வாங்குதா, பெரியம்மா?" டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

"ரொம்ப நாளா வாங்குது தாயி. யார்ட்டயும் சொல்லல."

"இது சட்டுனு தீராது. எத்தனை வருஷம் ஆனாலும் ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிடுதேன்."

என்ன மனுஷி! அதன்பிறகு அம்மா பேயைப் பற்றிப் பேசவே இல்லை. படுக்கப் போகையில் மட்டும் என்னிடம் சொன்னாள்:

"எய்யா, அடுத்த மாசத்துக்கு இப்பவே வண்டி சொல்லிரு. நானும் சிவகாமியும் போகணும்லா."