உறைபனிக்குப் பின் ஓர் உண்ணி

அக்டோபர் 27
இந்தப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கும் உண்ணி ஹார்லனின் தொடையிலிருந்து எடுத்தது. இந்த வருடத்தில் முப்பத்தொன்றாவது. காட்டிலிருந்து வந்ததும் பின்வாசலில் துணியைக் கழற்றிவிட்டு நிற்போம். உண்ணி ஏறியிருக்கிறதா என்று நான் அவனைப் பார்ப்பேன், அவன் என்னைப் பார்ப்பான். இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் மிச்சமிருக்கும் சரசம் இதுதான். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்ட, எல்லா வீட்டிலும் உண்ணியைக் காலண்டரில் தேதி பார்த்து ஒட்டுவார்கள். நான் இதில் ஒட்டுகிறேன்.

நவம்பர் 2
நல்ல உறைபனி. வாளித் தண்ணீர் கல்லாகிவிட்டது.
“செத்துதுங்க சனியனுங்க! இனி ஏப்ரல் வரைக்கும் என்னை அம்மணமா நிக்க வைக்க முடியாது, டோரீன்.”
சோதனையை நிறுத்திவிட்டோம்.

நவம்பர் 12
எட்டுக் கிளைக் கொம்போடு ஆண் மான். தோளில் போட்டுக்கொண்டே வந்துவிட்டான், பெருமை பிடிபடவில்லை. கொட்டகையில் தொங்குகிறது.

நவம்பர் 15
முடி வெட்டிவிடும்போது அவன் பிடரியில் ஒன்று. பயறு போல உப்பியிருந்தது. இடுக்கியால் எடுத்தேன். டேப்பைத் தேடச் சோம்பல். அடுப்பில் போட்டேன், படக்கென்று வெடித்தது.

டிசம்பர் 4
நான்கு கட்டை பிளப்பதற்குள் உட்கார்ந்துவிட்டான். முட்டி வலியாம்.
“வயசாகுதுடி.”
ஐம்பத்திரண்டு ஒரு வயதா?

டிசம்பர் 9
காலையில் படியில் தலைசுற்றி விழுந்தான். வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். புதிதாக வந்திருக்கும் டாக்டர் பெண், “உண்ணி ஏதாவது கடிச்சுதா?” என்று கேட்டாள்.
“பனி விழுந்தப்புறம் உண்ணியா? நீங்க எந்த ஊரும்மா?” என்றான் ஹார்லன்.
நானும் சேர்ந்து சிரித்தேன். ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்தாள்.
பாதி வழியில் பிடரி நினைவுக்கு வந்தது. சொன்னேன்.
“ஒண்ணே ஒண்ணுதானே, விடு. பசிக்குது, வீட்டுக்குப் போ.”
வண்டியை ஓட்டியது நான். திருப்பியிருக்கலாம்.

டிசம்பர் 11
மான்கறி எடுக்கக் கொட்டகைக்குப் போனான். வரவில்லை. போய்ப் பார்த்தால் — கையுறைக்குள் கை இன்னும் சூடாக இருந்தது. கை மட்டும்.

டிசம்பர் 29
உடலைப் பரிசோதித்தவர் இன்று கூப்பிட்டுச் சொன்னார். உண்ணி கடித்துப் பரவும் லைம் கிருமி இதயத்துக்குள் போய்த் துடிப்பை நிறுத்தியிருக்கிறது. அபூர்வமாம். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா மருந்துலயே...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். உறைபனியில் அவை சாவதில்லையாம். கொஞ்சம் வெயில் அடித்தால் சருகுக்கடியிலிருந்து ஏறி வந்துவிடுமாம். பிறந்ததிலிருந்து இந்தக் காட்டில் இருக்கிறோம், தெரியவில்லை.
டேப் அலமாரியிலதானே இருந்துச்சு. ரெண்டு எட்டு. ரெண்டே எட்டு வச்சிருந்தா...

ஏப்ரல் 8
என் இடுப்பில் ஒன்று. இங்கே ஒட்டியிருக்கிறேன். உடனே கிளம்பிப் போனேன். அதே டாக்டர். என் முகத்தைப் பார்க்காமல் மாத்திரை எழுதினாள்.
“முதுகு, பிடரியெல்லாம் தினமும் வீட்டுல யாரையாவது பார்க்கச் சொல்லுங்க.”
சரி என்றேன்.
வந்து, பின்வாசலில் துணியைக் கழற்றிவிட்டு நின்றேன். குளிர் தாங்காமல் போனதும் உடுத்திக்கொண்டேன்.